தொண்ணூற்றெட்டும் என் மகளின் வலது காதும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பத்துக்கு நான் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. டீயை ஊற்றிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். எதிரே கணினித் திரையில் ஓர் எண் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு சதவீதம், பதின்மூன்று சதவீதம். அதுவரை விண்டோஸ் 98 இருந்த இடம் துடைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அப்போது எனக்கிருந்த மனநிலையைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. நான் நிம்மதியாக இருந்தேன்.

2008, மே மாதம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த சின்ன அறை அது. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து, காதுக்கருவி பொருத்தி, அதைச் சரிசெய்து கொடுப்பவரின் அறை. பலகையில் ஆடியாலஜிஸ்ட் என்று இருக்கும். வருகிற எல்லோரும் அவரை ‘மிஷின் சார்’ என்றுதான் சொல்வோம். அன்று அவர் ஊரில் இல்லை. மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு வாரம் காது பரிசோதனை முகாம். அந்த வாரம் கணினிக்கு வேலை இல்லை என்பதால்தான் நான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் அலுவலகத்துக் கணினிகளைப் பழுதுபார்க்க வருகிறவர். எனக்காக விடுமுறை நாளில் வந்திருந்தார்.

என் மகளுக்கு மூன்று வயதாகும்போது காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. இரண்டு காதுமே. வலது கொஞ்சம் பரவாயில்லை, இடது மிகவும் குறைவு. முதலில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பாக்கெட் மிஷின். 2006இல் சேமிப்பையெல்லாம் போட்டுக் காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் கருவிகள் இரண்டு வாங்கினோம். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கருவியை வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் போதாது என்று. கடையிலிருந்து வரும்போது அது யாருடைய காதும் இல்லை. எந்தச் சத்தத்தை எவ்வளவு ஏற்றுவது, எதை அடக்குவது என்பதைக் கணினியில் வைத்துக் கருவிக்குள் எழுத வேண்டும். அதற்கென்று ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. அதிலிருந்து இரண்டு ஒயர் வரும். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. பெட்டியின் பின்பக்கம் ஒன்பது ஊசி உள்ள பழைய மாதிரிப் பிளக், அதைக் கணினியில் சொருக வேண்டும்.

மாதம் ஒருமுறை நாங்கள் போவோம். கருவிகள் காதில் இருக்கும், ஒயர் கழுத்தில் தொங்கும். மிஷின் சார் முதலில் மின்விசிறியை நிறுத்துவார். அதன் இரைச்சல் கருவிக்குள் போனால் மற்ற எதுவும் கேட்காது. அந்தப் புழுக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, ‘இந்த மாசம் என்னா பாப்பா, எது தொல்லை பண்ணுது’ என்று மகளைக் கேட்பார். அவள் யோசித்து வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். ‘ச’ கேட்பதில்லை சார், பாத்திரம் விழுந்தால் அழுகிறாள் சார், பஸ் பிரேக் போட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள் சார். அவர் திரையில் ஏதோ ஒரு கோட்டை இரண்டு புள்ளி இறக்குவார், வேறொன்றை ஒரு புள்ளி ஏற்றுவார். அப்படி இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் அந்தக் கணினிக்குள் மகள் பெயரில் ஒரு கோப்பாக இருந்தது.

அந்தக் கணினியைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஆன் செய்தால் உள்ளே யாரோ அரிசி களைவது போல ஒரு சத்தம். திரை வருவதற்குப் பத்து நிமிடம். சில நாள் பாதியில் நீலமாகி நின்றுவிடும், அவர் நிதானமாக அணைத்துவிட்டு மறுபடி போடுவார். ஒவ்வொரு முறையும் நான் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது ஒருநாள் எழுந்திருக்காமல் போனால் என் பிள்ளையின் காதும் அதோடு போய்விடும். எல்லோரும் புதிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாறிவிட்டார்கள், இவர் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று தோன்றும். கேட்டும் இருக்கிறேன், ஒருமுறை இருமுறை அல்ல.

“மேடம், இந்தப் பொட்டிக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் கல்யாணம் ஆயி எட்டு வருசம் ஆவுது. நடுவுல நீங்க போயி பஞ்சாயத்து வெக்காதீங்க” என்பார் சிரித்துக்கொண்டே.

நான் சிரிக்கமாட்டேன். எனக்கு அந்த விஷயத்தில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர் வேலை எனக்கு. இரண்டு வருடம் முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு கணினியில் வைரஸ் புகுந்து ஓய்வூதியக் கோப்புகள் சில போய்விட்டன. அதன் பிறகு எல்லாவற்றையும் எக்ஸ்பிக்கு மாற்றினார்கள், எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். பயிற்சியில் ஒரு விதி சொன்னார்கள். சி டிரைவ் இயந்திரத்தின் இடம், டி டிரைவ் நம்முடைய இடம். நம்முடைய வேலை எதுவாக இருந்தாலும் டியில்தான் வைக்க வேண்டும். சி போனால் கவலை இல்லை, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். எனக்கு அந்த விதி அவ்வளவு பிடித்துவிட்டது. என் கையெழுத்திலேயே எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டினேன். என்னை அலுவலகத்தில் ‘டி டிரைவ் அக்கா’ என்று கேலி செய்தார்கள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் ஜனவரியில் எனக்குச் சிதம்பரத்துக்கு இடமாறுதல் வந்தது. என் கணவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், அவர் கடலூருக்குப் போய்வருவதாக முடிவு செய்தோம். மகள் அதுவரை கடலூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் ஐந்தாவது வரை படித்திருந்தாள். சிதம்பரத்தில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளியில் ஆறாவது சேர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று பள்ளிகளில் மரியாதையாக முடியாது என்றார்கள். நான்காவது பள்ளியின் தலைமையாசிரியை மட்டும் ஒரு நிபந்தனை சொன்னார்.

“எங்க பிள்ளைங்களுக்கு ரெண்டு பாரா டிக்டேஷன் குடுப்போம், அதே இவளுக்கும். ஆனா உதட்டப் பாத்து எழுதக் கூடாது. மிஸ் பின்னாடி நின்னுதான் படிப்பாங்க. கிளாஸ்ல அவுங்க போர்டப் பாத்து திரும்பி நின்னு பேசும்போது இவ என்னா செய்வா, அதான் எனக்குத் தெரியணும்.”

அதில் தவறு ஒன்றும் இல்லை. மே மாதம் கடைசி வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணி என்று நாள் குறித்துக் கொடுத்தார். மகளுக்குப் பின்னால் நின்று நாங்கள் தினமும் படித்துப் பழக்கினோம். நன்றாகவே எழுதினாள்.

அந்த நேரத்தில் வலது கருவி நின்றுபோனது. வெயில், வியர்வை. உள்ளே ஈரம் இறங்கிவிட்டது என்று மிஷின் சார் சென்னைக்குப் பழுதுபார்க்க அனுப்பினார். உள்ளே இருக்கும் சின்னத் தகட்டை மாற்றுவார்களாம், திரும்பி வரும்போது புதிதுபோல ஒன்றும் எழுதாமல் வருமாம். அதனாலென்ன, நம்மிடம் கோப்பு இருக்கிறதே, சிவப்பு ஒயரை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும் என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. எல்லாம் அந்தக் கோப்பில், அந்தக் கோப்பு அரிசி களையும் அந்தக் கணினியில். இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அவரிடம் போய், இந்த முறை கெஞ்சியே கேட்டேன். அந்த மாதத்தில் கணினி அவரையும் இரண்டு முறை கைவிட்டிருந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார்.

“பொட்டி வேலை செய்யணும். பிள்ளைங்க ஃபைல் எதுவும் போவக் கூடாது. இந்த ரெண்டுதான் மேடம் எனக்கு.”

“நான் பொறுப்பு சார்” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. டி டிரைவில் இருந்த ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, நகல் எடுத்த சிடியையும் வேறொரு கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஊனமுற்றோர் சான்றுக்கான கடிதங்கள், ரசீதுகள், முகாம் படங்கள், எல்லாம் இருந்தன. கடைசியாகப் பழுதுபார்ப்பவர் சி டிரைவைத் திறந்து, ஆங்கிலப் பெயருள்ள ஒரு கோப்புறையைக் காட்டினார். இது என்ன மேடம், இதையும் எடுக்கணுமா என்று கேட்டார். காதுக்கருவிக் கம்பெனியின் மென்பொருள் அது. அதன் சிடி மேசையில் இருந்தது. அது சாஃப்ட்வேர்தான், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். பிறகு டீ ஊற்றினேன்.

அந்த மென்பொருள் பிள்ளைகளின் கோப்புகளையும் தன் கோப்புறைக்கு உள்ளேயே, சியிலேயே, வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்து விதி அந்த மென்பொருளுக்கும் தெரியாது.

எக்ஸ்பி பளிச்சென்று வந்தது. பச்சைப் புல்வெளி, நீல வானம். மென்பொருளை ஏற்றினோம், அதன் படம் திரையில் வந்தது. வெள்ளைப் பெட்டியை வைத்துச் சோதிக்க முடியவில்லை, அதை அவர் பீரோவில் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஐந்தரை மணி பஸ் கிடைத்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சிப்காட்டின் ரசாயன ஆலைகளைத் தாண்டும்போது வழக்கம்போல எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அந்த நாற்றம்கூட உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை முகாமிலிருந்து திரும்பியவர் போன் செய்தார், கருவி வந்துவிட்டது, பாப்பாவைக் கூட்டி வாருங்கள் என்று. பதினொரு மணிக்கு அங்கே இருந்தோம். கணினி ஒரே நிமிடத்தில் எழுந்தது. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக் காட்டினார், பாராட்டுவது போல. பெட்டியைச் சொருகினார், சிவப்பு ஒயரில் கருவியை மாட்டினார். கருவி எதுவும் இல்லை என்றது திரை. கழற்றி மாட்டினார். நீல ஒயரில் மாட்டினார். பெட்டியை எடுத்துப் பின்பக்க ஊசிகளை ஊதிவிட்டுச் சொருகினார். அது அந்தப் பெட்டியைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு பெயர்ப் பட்டியலைத் திறந்தார். அது காலியாக இருந்தது. வெள்ளையாக ஒரு கட்டம், அவ்வளவுதான்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“சியில இருந்தத என்னா மேடம் பண்ணீங்க?”

நான் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, ஞாபகத்திலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன். மற்ற பிள்ளைகளின் அளவு அவரவர் கருவிக்குள் பத்திரமாக இருக்கும், ஆனால் யாருடையதாவது பழுதானால் திரும்ப எழுத ஒன்றும் இல்லை, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படித்து வைக்க வேண்டும் என்றார். அண்ணாகிராமத்திலிருந்து வரும் ஒரு பையன், துறைமுகத்துப் பக்கம் இருக்கும் இரட்டைப் பெண்கள், இன்னும் யார் யாரோ. காத்திருக்கும் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்து முறுக்கைப் பங்கு போட்டுக்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகள். இரண்டு வருடம் நான் அந்தக் கணினியைப் பார்த்துப் பயந்தபோது அதற்குள் என் மகள் ஒருத்திதான் இருப்பதாக நினைத்திருக்கிறேன். அவர் எழுத எழுத நான் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கருவியை அப்படியே மாட்டிப் பார்க்கலாம் என்று மகளின் வலது காதில் மாட்டினார். அவள் தோள் இரண்டும் மேலே ஏறின. உடனே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இது என்னுது இல்லம்மா” என்றாள்.

அந்தப் பழைய பெட்டி 98ஓடு மட்டும்தான் பேசும் என்றார் மிஷின் சார். 98ஐயே திரும்பப் போட்டுவிடலாமே என்று பழுதுபார்ப்பவருக்குப் போன் செய்தேன். அதன் சிடி அவரிடம் இல்லை. இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று போன வருடம்தான் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டாராம். எங்கள் அலுவலகத்துப் பழைய கணினிகள் ஏலத்தில் போய்விட்டன. மகளின் பழைய பள்ளியிலும் மாற்றிவிட்டார்கள். கடலூரில் அன்று மாலைவரை நான் கேட்ட எல்லோரும் மாறியிருந்தார்கள், கொஞ்சம் பெருமையோடு அதைச் சொன்னார்கள். நானும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு, “பதினாறு வருசமா வெயிட் போட்டாலும் சத்தம் வராத குக்கர மாத்தமாட்ட. அடுத்தவன் கம்ப்யூட்டர மாத்துவ” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

மாற்றாத குக்கரைச் சொன்னதும்தான், கணினியை மாற்றாத இன்னொருவர் எனக்கு ஞாபகம் வந்தார். சிதம்பரத்தில் வீடு மாறியபோது பால் காய்ச்சுவதற்கு அழைப்பிதழ் அடிக்க மேலவீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அதை நடத்துகிறவர் ஒரு பெண், என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவராக இருக்கலாம். அவர் கணினியிலும் 98தான். இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள் என்று அவருக்கும் நான் கால் மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். வைகாசி முகூர்த்தக் காலம், அவருக்கு ஞாயிறும் வேலை நாள்தான். கதவைத் திறந்தபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

“அப்ப கடலூர்ல அழிச்சது நீங்கதானா? இப்ப இங்க வந்துருக்கீங்க.”

அவர் உள்ளே போய் விளக்கைப் போட்டார், மேசையைத் துடைத்தார், கணினியை ஆன் செய்தார். எனக்குப் பழக்கமான அந்த மெதுவான சத்தம் கேட்டது. அவரது கணினியில் எழுநூறு கல்யாணமாவது இருக்கும் என்றார். அவர் பயன்படுத்தும் எழுத்துரு புதிய கணினியில் திறந்தால் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் எல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். ஒருமுறை தம்பி வீட்டுக் கணினியில் திறந்து பார்த்து நெஞ்சு நின்றுவிட்டதாம். அதன் பிறகு யாரையும் தொடவிடுவதில்லை. நான் வகுப்பு எடுத்தபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் எங்கே பேசவிட்டீர்கள் என்றார்.

பிறகு என் மகளைப் பார்த்தார். அவள் ஒரு மாதிரி அட்டையை எடுத்து அதிலிருந்த பிள்ளையார் படத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“கம்ப்யூட்டர் கடைய வுட்டு வெளிய போவாது. அவர வரச் சொல்லுங்க. அந்த ஒரு சாஃப்ட்வேர மட்டும் ஏத்திக்கட்டும், வேலை முடிஞ்சதும் எடுத்துரணும். வேற எதையும் தொடக் கூடாது. நீங்க கிட்டயே வரக் கூடாது.”

மிஷின் சார் மூன்றரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். வெள்ளைப் பெட்டியை டிபன் கூடைக்குள் துண்டு சுற்றி வைத்து, முட்லூர்ப் பாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்த சாலையில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கணினியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. மென்பொருள் ஏறியது. ஒன்பது ஊசியும் உள்ளே போயின. நீல ஒயரில் இடது கருவியை மாட்டினார். அது பேசியது. இடது காதின் இரண்டு வருடமும் வரிசையாகத் திரையில் வந்து நின்றது.

வலது காதுக்கு அப்படி எதுவும் இல்லை. கைவசம் இருந்தது கேட்கும் அளவு குறித்த காகிதம் ஒன்றுதான். அதை வைத்து முதல் நாள் போட்ட அளவைப் போடலாம். அதன்பிறகு செய்த சில்லறைத் திருத்தங்கள்தான் எல்லாமே, அவை எங்கும் எழுதப்படவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது சார் என்று நான் ஆரம்பித்தேன். ‘ச’, பாத்திரம், பஸ் பிரேக்.

“மேடம், நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. “அவளுக்குத்தான் மேடம் ஞாபகம் இருக்கும். அவ காது.”

நான் கடைப் படியில் உட்கார்ந்தேன். உள்ளே மின்விசிறி நின்றது. சற்று நேரத்தில் கடைக்காரப் பெண் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். விசிறியை நிறுத்திவிட்டு என்ன வைத்தியம் இது என்று அலுத்துக்கொண்டார். பிறகு உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. இன்னும் கம்மி. இல்ல, இப்ப ரொம்ப கம்மி. இது பரவால்ல. ஸ்பூனப் போடுங்க. மறுபடி போடுங்க. எங்கள் வீட்டில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அவள் பேச வேண்டியதில்லை, நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாதமும் நான் சொன்ன பஸ் பிரேக்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தொல்லையாக இருந்தது என் வளையல் சத்தமாம். அதைக் கேட்டதும் இரண்டு கையிலிருந்தும் கழற்றிக் கைப்பையில் போட்டேன்.

இதை நான் 2012இல் எழுதுகிறேன். இப்போது எங்கள் அலுவலகத்தில் எக்ஸ்பியே பழையதாகிவிட்டது. போன மாதம் மாற்ற வந்தார்கள். என் கணினியைத் தொடவேண்டாம், பத்து நாள் கழித்து வாருங்கள் என்றேன். அந்தப் பத்து நாளும் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து, இது யாருடையது, இதை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பழையதை விடாதவர்களைப் பார்த்தால் முன்பு சோம்பேறித்தனம் என்று நினைப்பேன், இல்லையென்றால் பயம் என்று. அந்த மிஷின் சாருக்கும் கடைக்காரப் பெண்ணுக்கும் தங்கள் கணினிக்குள் என்ன இருக்கிறது, எது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருந்தது. பயந்தது நான்தான். மாற்றவே கூடாது என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அவர் கணினி எப்படியும் ஒருநாள் நின்றிருக்கும். ஆனால் என் பயத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொருவர் மேசையில் கை வைத்தேன் என்பதை மட்டும் என்னால் வேறு மாதிரி எழுத முடியவில்லை.

2008இன் அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்குப் பள்ளியில் இருந்தோம். மகளோடு அறைக்குள் போகப் பார்த்தேன். தலைமையாசிரியை கையை நீட்டித் தடுத்தார், அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று. கதவு சாத்துவதற்குள் எட்டிப் பார்த்தேன். தலைக்கு மேலே பழைய மின்விசிறி ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் எங்கே போனாலும் முதலில் விசிறியை நிறுத்தச் சொல்கிறவள். கல்யாண வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. தட்டலாமா என்று மூன்று முறை எழுந்து மூன்று முறை உட்கார்ந்தேன். அந்த இரைச்சலில், அதுவும் நேற்று எழுதிய காதோடு, இரண்டு பாரா. வளையல் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பத்து நாற்பதுக்குக் கதவு திறந்தது. முதலில் டிக்டேஷன் கொடுத்த மிஸ் வந்தார், முகமெல்லாம் வியர்வை, கையில் தாள். நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அதன் பிறகுதான் என் மகள் வந்தாள், பேனா மூடியை மாட்டியபடி, அவசரமில்லாமல். என் முகத்தைப் பார்த்தாள்.

“ஃபேன் ஜாஸ்தியா கத்துச்சு” என்றாள். “மிஸ்ஸ இருங்கன்னு சொல்லிட்டு, நானே போயி நிறுத்திட்டேன். அப்பறம் எல்லாம் கேட்டுச்சு.”